மாடல் விமானத்துக்கு டீசல் எஞ்சின்: ஓட்டலாமா, ஒதுக்கிவிடலாமா?

3 மார்ச் 2024

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது: “அண்ணா, எங்க மாமா வீட்டுப் பரண்ல 1.5 சிசி டீசல் எஞ்சின் ஒண்ணு கிடைச்சுது. அவர் காலேஜ்ல என்.சி.சி.யில பறக்கவிட்டதாம். சுத்தமா இறுகிக் கிடக்குது. இதைச் சரி பண்ணி ஓட்டலாமா, இல்ல மெத்தனால்ல ஓடுற க்ளோ எஞ்சினே வாங்கிக்கட்டுமா? டீசல்னா பங்க்ல அடிக்கிற டீசல்தானே?”

3 மார்ச், இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பங்க் டீசலை ஊற்ற வேண்டாம். முன்னாலிருக்கும் விசிறியை, அதாவது ப்ராப்பை, கை வலிக்க வலிக்கச் சுண்டினாலும் ஓடாது.

லாரி எஞ்சின் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, கடைசி நேரத்தில் டீசலை உள்ளே பீய்ச்சும். நம்முடையதில் இன்ஜெக்டரும் கிடையாது, பம்பும் கிடையாது. காற்றையும் எரிபொருளையும் ஒன்றாக உறிஞ்சி, ஒன்றாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே பற்றவைத்துக்கொள்ளும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சிலிண்டரில் சூடு நிற்காமல் சுவர் வழியாக ஓடிவிடும். அதனால் சீக்கிரம் பற்றுகிற ஒன்று கலவையில் இருந்தாக வேண்டும். அதுதான் ஈதர். 160 டிகிரியை ஒட்டியே தானாகப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு 200க்கு மேல் வேண்டும்.

பழைய கணக்கு: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு. அதன் மேல் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு அமைல் நைட்ரேட். ஈதர் தீ மூட்டும், மண்ணெண்ணெய் சக்தி தரும், விளக்கெண்ணெய் உராய்வைத் தாங்கும். நைட்ரேட் சேர்த்தால் ஓட்டம் சீராகும்.

4 மார்ச்

இறுகிப்போனது பற்றி. பயப்பட வேண்டாம், துரு இல்லையென்றால் பெரும்பாலும் அது காய்ந்த விளக்கெண்ணெய்தான். வருஷக்கணக்கில் கிடந்தால் அரக்கு மாதிரி பிடித்துக்கொள்ளும். கிராங்கை (ப்ராப் மாட்டியிருக்கும் தண்டை) பிளையரால் பிடித்துத் திருப்பாதீர்கள், ப்ராப்பை நெம்புகோல் ஆக்காதீர்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் வேறு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஹேர் டிரையரில் நன்றாகச் சூடு காட்டி, எக்ஸாஸ்ட் வழியாக இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஆற விட்டு, மறுபடி சூடு காட்டுங்கள். தானாக இளகி வரும். வீட்டு அடுப்பில் வைத்துச் சூடாக்குவது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

இளகின பிறகு மேலே இருக்கிற ஸ்க்ரூவையும் பாருங்கள். அதற்குக் கீழே சிலிண்டருக்குள் ஒரு குட்டி பிஸ்டன் உட்கார்ந்திருக்கும், கான்ட்ரா பிஸ்டன் என்று பெயர். ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் அது கீழே இறங்கி அழுத்தம் கூடும். தளர்த்தினால் எஞ்சினின் உள் அழுத்தமே அதை மேலே தள்ள வேண்டும். பழைய எஞ்சினில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தியும் இறங்கின இடத்திலேயே நிற்கும். அதற்கும் சூடுதான் மருந்து.

10 மார்ச்

சரி, பெரிய கேள்விக்கு வருவோம்: டீசலா, க்ளோவா? (க்ளோ என்றால், தொடங்கும்போது பாட்டரியால் சிவக்கவைக்கும் கம்பி பிளக்கில் இருந்து கலவையைப் பற்றவைக்கும் எஞ்சின்.)

எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் ஊரில் எந்த எரிபொருள் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் எஞ்சின். ஐரோப்பாவில் டீசலுக்குக் கைகொடுத்தது எடைக் கணக்கு. சுவிட்சர்லாந்தில் எர்ன்ஸ்ட் தால்ஹைம் 1928லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் இது பரவியது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதை ஒட்டியும்தான். அதுவரை சின்ன எஞ்சின் என்றால் ஸ்பார்க் பிளக், காயில், பாட்டரி என்று அதன் எடையையும் விமானம் சுமக்க வேண்டும். அதெல்லாம் இல்லாமல் ஓடியதால் டீசல் நிலைத்தது. 1946ல் இங்கிலாந்தில் மில்ஸ் 1.3 வந்தது. அமெரிக்காவில் 1947ல் ரே ஆர்டனின் க்ளோ பிளக் வந்ததும் அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நம் பக்கம் முடிவு செய்தது எரிபொருள்தான். கல்கத்தாவில் செய்த அரோரா டீசல் எஞ்சின்கள் என்.சி.சி. ஏர் விங் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். மில்ஸ் .75க்கு இந்தியாவிலேயே நகலும் வந்தது. க்ளோ என்றால் பிளக்குக்கு வெளியூரிலிருந்து தபால் வர வேண்டும், நல்ல மெத்தனால் வேண்டும், 1.5 வோல்ட் கட்டை செல் வேண்டும். பிளக்கில் கம்பி அறுந்தால் அன்றைய ஞாயிறு முடிந்தது. டீசலுக்கு? அப்போது மண்ணெண்ணெய் எந்த வீட்டிலும் இருந்தது. ஈதர் மயக்க மருந்தாகப் புழங்கிய காலம், தெரிந்த கம்பவுண்டர் இருந்தால் போதும். விளக்கெண்ணெய் எங்கள் பாட்டியே காய்ச்சுவார். (அதை எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். வீட்டில் காய்ச்சினதில் ஈரம் தங்கும். கடையில் வெளிறிய நிறத்தில், தெளிவாக இருப்பதை வாங்குங்கள்.)

இன்று தலைகீழ். ஈதரைத்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. போதைப்பொருள் தயாரிப்பில் பயன்படும் ரசாயனங்கள் என்று 1988 ஐ.நா. ஒப்பந்தம் போட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது. அதனால் ரசாயனக் கடைக்காரர் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

என்னைப் போலத் தமிழ்நாடு, கேரள எல்லையில் இருந்தால் இன்னொரு பார்வையும் உண்டு. நம் பக்கத்துச் சோதனைச் சாவடிகளில் அதிகாரிகள் தேடுவது சாராய ஸ்பிரிட். ஒருமுறை ஸ்கூட்டர் பெட்டியில் பழுப்பு பாட்டிலோடு இந்தப் பக்கம் வந்தேன். அதிகாரி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “எந்தா இது?” என்றார். விமானத்துக்கு ஊற்றுவது என்றேன். என் வாயை ஊதிக் காட்டச் சொன்னார். பையிலிருந்த எஞ்சினை எடுத்துக் காட்டிய பிறகுதான் முகம் மாறியது. அவரே ப்ராப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “நல்ல கம்ப்ரெஷன் உண்டல்லோ” என்று சொல்லி விட்டார். எஞ்சின் தெரிந்த மனிதர்.

11 மார்ச்

ஒருவர் கேட்கிறார், “கொங்கு ஆளுக்குப் பாலக்காட்டுல என்ன வேலை?” வயல் இங்கே, ரேஷன் கார்டு இங்கே, பேச்சு மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சு. கொழிஞ்சாம்பாறைச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் இப்படித்தான். கொங்குப் படையை விரட்டின வெற்றியைப் பாலக்காட்டுச் சித்தூரில் வருஷா வருஷம் கொங்கன்படை என்று கொண்டாடுவார்கள். தோற்ற கட்சியின் ஆளாக முன்வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் நான்.

24 மார்ச்

வெயில் ஏறிவிட்டது, இதைச் சொல்லியாக வேண்டும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. பாலக்காட்டு மார்ச் மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். தனி ஈதர் பாட்டிலை வெயிலில் வைத்தால் உள்ளேயே கொதிக்கும். கலந்து வைத்ததிலும் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஈதர் பறந்துவிடும். காலையில் இரண்டு சுண்டில் பிடித்த எஞ்சின் மதியம் பிடிக்காமல் போனால் எஞ்சினைத் திட்ட வேண்டாம், பாட்டிலைப் பாருங்கள். ஈதர் குறைந்த கலவைக்கு ஸ்க்ரூவை இன்னும் இறுக்கத் தோன்றும். இறுக்கினால் ராடுக்குக் கேடு.

கலப்பதையும் காலை வேளையில், திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, பீடி, ஸ்விட்ச் எதுவும் பக்கத்தில் ஆகாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். பழைய ஈதரை, குறிப்பாகப் பாதி காலியாகி வருஷக்கணக்கில் கிடந்ததை, தொடவே தொடாதீர்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு அதில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், அது வெடிக்கும். பரணில் எஞ்சினோடு ஒரு பாட்டிலும் கிடைத்திருந்தால், தம்பி, மூடியைத் திருகிப் பார்க்கவே வேண்டாம். விஷயம் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

கலக்கும் வரிசை: முதலில் விளக்கெண்ணெயில் ஈதர், அப்புறம் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் மட்டும் சேர்த்துக் குலுக்கிப் பாருங்கள், கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாக இறங்கிவிடும். ஈதர் சேர்ந்ததும் சட்டென்று தெளியும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைப்பதும் அதுதான்.

7 ஏப்ரல்

தம்பி எஞ்சினை இளக்கிவிட்டாராம். ஓட்டும் முறையை விவரமாகக் கேட்கிறார்.

எஞ்சினைக் கெட்டியான பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சினிமாவில் மட்டும். டேங்கை நிரப்பி, நீடிலை (எரிபொருளை அளந்துவிடும் ஊசித் திருகை) இரண்டு மூன்று சுற்றுத் திறந்து, காற்று போகும் வாயை விரலால் அடைத்து ப்ராப்பை மெதுவாகச் சுற்றுங்கள். குழாயில் எரிபொருள் ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக இரண்டு சொட்டு. இனி விரலில் உணர வேண்டும்: ப்ராப்பை அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும்போது மெத்தென்று எதிர்த்து நின்று, தாண்டினால் சரி. கல்லில் முட்டியதுபோல் நின்றுவிட்டால் உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது. அதைப் பலவந்தமாகத் தாண்டவைத்தால் ராடு வளையும். ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, வெறுமனே பலமுறை சுற்றி வெளியேற்றுங்கள்.

அப்புறம் சுண்டு. சுறுசுறுப்பாக, விரலை உடனே எடுத்துவிடும்படி. ஒரு புகை வந்து நின்றால் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று உள்ளே. பட் பட் என்று விட்டு விட்டு வெடித்தால் அழுத்தம் போதவில்லை. திருப்பி அடித்தால் அழுத்தம் அதிகம், அந்த அடியை விரல் ஒரு வாரம் நினைவில் வைத்திருக்கும். சைக்கிள் டியூபை இரண்டங்குலம் வெட்டி விரலில் மாட்டிக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல கவசம் கடையில் இல்லை.

பிடித்துக்கொண்டதும் அவசரம் வேண்டாம். சூடேற ஏற ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். முனகிக்கொண்டே வேகம் குறைந்து, வெளியே வரும் எண்ணெய் கறுத்தால் அழுத்தம் மிகுதி என்று பொருள். சரியான இடத்துக்கு வந்ததும் சத்தம் ஒரே கோடாகிவிடும். அதைக் காது ஒருமுறை பிடித்தால் போதும், பிறகு மீட்டர் எதுவும் வேண்டியதில்லை.

இங்கேதான் டீசலின் குறையும் நிறையும் ஒன்றாக இருக்கிறது. க்ளோவில் நீடில் ஒன்றுதான். இதில் இரண்டு பிடி. புதிதாக வருபவர் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகி, எங்கே ஆரம்பித்தோம் என்பதையே தொலைத்துவிடுவார். ஸ்க்ரூவின் கைப்பிடி எந்தத் திசையில் நின்றது என்று பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

8 ஏப்ரல்

“க்ளோதான் பவர், டீசல் கிழவர்களுக்கு” என்று ஒரு பதிவு. கிழவன் என்ற பட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். பவர் விஷயம் அவ்வளவு எளிதில்லை.

சுழலும் வேகத்தில் க்ளோ ஜெயிக்கும். 2.5 சிசி க்ளோ சின்ன ப்ராப்போடு கீச்சென்று பறக்கும். ஆனால் டீசல் பெரிய ப்ராப்பைக் குறைந்த சுற்றில் இழுக்கும். மெதுவான, கனமான, இறக்கை அகலமான விமானத்துக்கு அதுதான் வேண்டும். எரிபொருள் கணக்கில் போட்டியே இல்லை. மெத்தனால் ஒரு கிலோவில் சுமார் 20 மெகாஜூல், மண்ணெண்ணெயில் 43. ஒரு பங்கு மெத்தனால் எரிய ஆறரைப் பங்கு காற்று போதும், மண்ணெண்ணெய்க்குப் பதினைந்து. ஒரே அளவு காற்றை விழுங்கும் இரண்டு எஞ்சின்களில் க்ளோ இரண்டு மடங்குக்கு மேல் குடிப்பது இதனால்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் உலகப் போட்டிக்காரர்கள். எஃப்2சி என்ற கம்பி விமான டீம் ரேஸில் 2.5 சிசி எஞ்சின், 7 சிசி டேங்க், 100 சுற்று, மொத்தம் 10 கிலோமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கம்பியில் கட்டிச் சுற்றும் அந்த விமானங்களில் இருப்பது டீசல். நிறுத்தி நிரப்புவது எத்தனை தடவை என்பதில்தான் வெற்றியே இருக்கிறது. அவர்கள் யாரும் கிழவர்கள் இல்லை.

2 மே

ரேடியோ கன்ட்ரோலுக்கு டீசல் ஆகுமா? ஆகாது என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைத்தால் சிலிண்டர் குளிரும், குளிர்ந்தால் அழுத்தம் போதாது, மறுபடி ஏற்றும்போது இருமும். முழு வேகத்துக்கு வைத்த ஸ்க்ரூ கீழ் வேகத்துக்குப் பொருந்தாது. ஆகாயத்தில் போய் ஸ்க்ரூ திருக யாரும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் அதை முழுசாகச் சொல்ல முடியவில்லை. பொள்ளாச்சி மச்சான் ஒருவர் இங்கிலாந்தின் பிஏடபிள்யூ கம்பெனி டீசல் எஞ்சின் ஒன்றை ரேடியோ கார்புரேட்டரோடு வைத்திருக்கிறார். கனமான பெரிய ப்ராப் போட்டு, கலவையில் நைட்ரேட் சரியாக விட்டு, அவர் தரையில் நிறுத்தும்போது அது எண்ணி எண்ணிச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஆக, முடியும். ஆனால் அவர் பொறுமை வேறு ரகம். புதிதாக ரேடியோ கற்றுக்கொள்பவருக்கு இரண்டு தலைவலி எதற்கு? கன்ட்ரோல் லைன் (கையில் பிடித்த கம்பியில் சுற்றுவது), ஃப்ரீ ஃப்ளைட் (தானாகப் பறக்க விட்டுவிடுவது) இரண்டுக்கும் திராட்டில் தேவையே இல்லை. டீசல் அங்கேதான் ராஜா.

3 மே

நைட்ரேட் என்றேன், ஒருவர் நைட்ரைட் விசாரித்திருக்கிறார். நைட்ரைட் இதய நோய்க்குக் கொடுத்த மருந்து, முகர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். வேண்டாம். அமைல் நைட்ரேட் கிடைக்காவிட்டால், லாரி டீசலில் சீட்டேன் (சீக்கிரம் பற்றும் தன்மை) ஏற்றச் சேர்க்கும் எத்தில்ஹெக்சில் நைட்ரேட் அதே வேலையைச் செய்யும்.

19 மே

சின்னச் சின்ன விஷயங்கள், கேட்டவர்கள் பலர் என்பதால்.

குழாய்: க்ளோவுக்குப் போடும் சிலிக்கான் குழாய் டீசலுக்கு ஆகாது, மண்ணெண்ணெய் பட்டு ஊதிப்போய் நுனியிலிருந்து கழன்றுவிடும். ஆஸ்பத்திரி டிரிப் குழாய் எல்லோரும் போடுவது. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் பொருளைக் கலவை உறிஞ்சிவிடுவதால் நாளடைவில் குச்சியாக விறைத்து, வளைவில் கீறும். ஒவ்வொரு சீசனுக்கும் மாற்றிவிடுங்கள்.

பூச்சு: இதில் டீசல் நல்ல பிள்ளை. க்ளோவின் மெத்தனால் சாதா நைட்ரேட் டோப்பை (விமானத்துக்குப் பூசும் வார்னிஷை) உரித்துவிடும். டீசலுக்கு அதே டோப் போதும். ஆனால் கீறல் இருந்தால் மண்ணெண்ணெய் விமானத்தின் பால்சா மரத்துக்குள் ஊறி, ஒட்டின இடமெல்லாம் விடும். எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புப் பலகையை இரண்டு பூச்சு எப்பாக்ஸி அடித்து மூடுங்கள்.

வாசனை: மூன்று நாளைக்குப் போகாது. சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்வார்கள், துவைப்பதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

16 ஜூன்

இனி செப்டம்பர் வரை எனக்கு வேலை இல்லை. பாலக்காட்டுக் கணவாயில் மேல்காற்று இறங்கிவிட்டது. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், 1.5 சிசி விமானத்துக்குத் திண்டாட்டம். கம்பி தொய்ந்தால் விமானம் உங்கள் தலைக்கு மேலேயே வரும். வயலும் நடவாகிவிட்டது. எஞ்சினைக் கழற்றி, மீதி எரிபொருளை எரித்துத் தீர்த்து, மெஷின் எண்ணெய் விட்டுத் துணியில் சுற்றி வைத்தாயிற்று. விளக்கெண்ணெயோடு அப்படியே வைத்தால் மறுபடி 4 மார்ச் குறிப்புக்குப் போக வேண்டும்.

30 ஜூன்

“இதெல்லாம் எதற்கு, பிரஷ்லெஸ் மோட்டார், லிப்போ பாட்டரி போதாதா?” போதும். பறப்பது மட்டுமே வேண்டுமென்றால் தாராளமாகப் போதும். என் அக்கா மகனுக்கு நானே அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். விரல் பத்திரம், சட்டை பத்திரம், சோதனைச் சாவடியில் ஊதிக் காட்ட வேண்டாம். டீசலை ஓட்டுபவர்கள் பறப்பதற்காக மட்டும் ஓட்டுவதில்லை. எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அது பிடிக்காதவருக்கு இதை விற்க நான் முயலமாட்டேன்.

18 ஆகஸ்ட்

தம்பியின் எஞ்சினில் அழுத்தம் நிற்கவில்லையாம், சூடானதும் நின்றுவிடுகிறதாம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் தேய்ந்திருக்கிறது. இந்தச் சைசில் ரிங் கிடையாது, வார்ப்பிரும்பு பிஸ்டனும் எஃகு சிலிண்டரும் ஒன்றோடொன்று லேப்பிங் செய்து (பேஸ்ட் போட்டு நுணுக்கமாகத் தேய்த்து) பொருத்தியவை. புதுப் பிஸ்டன்தான் வழி. கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பம்பு ஷாஃப்ட் கடைபவரிடம் கொடுத்தால் “இதுக்கு டாலரன்ஸ் எவ்வளவுங்க?” என்பார், நீங்கள் மைக்ரான் கணக்கு சொன்னால் டீ சொல்லிவிட்டு மறுத்துவிடுவார். பெட்ரோல் ஸ்ப்ரேயர் எஞ்சின், டீசல் நாசில் பழுது பார்ப்பவர்களிடம் கேளுங்கள். நாசில் வேலைக்காரருக்கு லேப்பிங் பேஸ்ட் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பிஸ்டனை மேல்புறம் போகப் போக இறுகும்படி விடச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் பிடிக்க வேண்டும், கீழே தடையில்லாமல் ஓட வேண்டும்.

19 ஆகஸ்ட்

அதே தம்பியின் நண்பர்: “பழைய க்ளோ எஞ்சினுக்கு டீசல் ஹெட் போட்டு மாற்றலாமா?” மாற்றலாம், அமெரிக்காவில் டேவிஸ் டீசல் என்று அதற்கான ஹெட்டே, அதாவது சிலிண்டர் மேல்மூடியே, விற்றார்கள். ஆனால் எந்த எஞ்சினில் போடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். க்ளோவுக்கென்று மெலிதாகச் செய்த ராடும் கிராங்கும் டீசலின் அடியைத் தாங்க வேண்டும். பால் பேரிங், கனமான கிராங்க் உள்ள எஞ்சின் என்றால் பெரிய ப்ராப் போட்டு, ஸ்க்ரூவை அளவோடு வைத்து ஓட்டலாம். பால் பேரிங் இல்லாத மலிவான புஷ் எஞ்சின் என்றால் விட்டுவிடுங்கள், அந்த ஹெட்டின் காசுக்கு நல்ல பால்சா வாங்கலாம்.